கோத்தகிரி இறக்கத்தில் முன் வீலில் "கடக்" சத்தம்: பால் ஜாயின்டா, வேற ஏதாவதா?

#1 அரவேனு பிக்கப்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 4x2 பிக்கப். முன்னாடி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், காயில் ஸ்பிரிங். ஆர்ம்னா வீலையும் சேசிஸையும் சேக்கற கை; அதோட வீல் பக்க முனையில இருக்கற பந்து-கிண்ண மூட்டுதான் பால் ஜாயின்ட். கம்பெனி பேர் போடல, போட்டா எந்தக் கம்பெனி உசத்தின்னு சண்டை ஆரம்பிச்சிரும். கிலோமீட்டர் ஒன்றரை லட்சம் தாண்டிருச்சு. ஓட்டமெல்லாம் கோத்தகிரி டு மேட்டுப்பாளையம் மண்டிதான். காரட், முட்டைகோஸ், பீட்ரூட். சில சமயம் பச்சைத் தேயிலை ஃபேக்டரிக்கு.

குஞ்சப்பனை பக்கம் லோடோட இறங்கும்போது, வளைவுல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஸ்டியரிங்கை ஒடிச்சா இடது முன் வீல் பக்கம் "கடக்"னு ஒரு சத்தம். ஒரே ஒரு தடவைதான். வளைவு முடிஞ்சு ஸ்டியரிங் நேரானதும் இன்னொரு கடக். திரும்பி ஏறும்போது காலி வண்டியில அந்தச் சத்தமே கிடையாது. சின்னக் குழிகள்ல மட்டும் லேசா டக் டக்னு ஒண்ணு கேக்குது. இடது டயர் உள் ஓரம் நல்லா தேஞ்சிருக்கு, வெளி ஓரம் புதுசாவே இருக்கு.

ஒரு பட்டறையில காமிச்சேன். சேசிஸ்ல ஜாக்கி குடுத்துத் தூக்கி, வீலைப் பிடிச்சு ஆட்டிப் பாத்துட்டு "பால் ஜாயின்ட் எல்லாம் கிண்ணுன்னு இருக்கு, வீல் பேரிங்தான் போயிருச்சு"ன்னாங்க. பேரிங் மாத்தியாச்சு. காசு போச்சு, சத்தம் போகல. இப்ப கேட்டா ரெண்டு பக்கமும் பால் ஜாயின்ட், டை ராட் எண்டு (ஸ்டியரிங் கம்பியோட வீல் பக்க முனை), ஆர்ம் புஷ் (ஆர்மை சேசிஸ்ல பிடிக்கற ரப்பர்), ஷாக் எல்லாத்தையும் ஒரே அடியா மாத்திரலாம்ங்கறாங்க. அதுக்கு முன்னாடி எது போயிருக்குன்னு நாமளே கண்டுபிடிக்க வழி உண்டா?

#2 கூடலூர் சில்வர் ஓக்

குழியில டக் டக்னா எனக்கு முதல்ல தோணுறது ஸ்டெபிலைசர் பார் லிங்க், அதாவது வளைவுல வண்டி சாயாம பிடிக்கற கம்பியை சஸ்பென்ஷனோட சேக்கற சின்னத் தண்டு. அதோட முனையில இருக்கற குட்டி ஜாயின்ட் தேஞ்சா இப்படித்தான் தட்டும். விலையும் கம்மி. அதைப் பாத்துட்டீங்களா?

#3 மேட்டுப்பாளையம் பட்டறை

லிங்கும் போயிருக்கலாமுங்க. ஆனா லோடு, இறக்கம், பிரேக், ஒடிப்பு நாலும் சேரும்போது ஒத்தைக் கடக்னா எனக்குக் கீழ் பால் ஜாயின்ட் மேலதான் சந்தேகம். தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சத்தம் வலது பக்க வளைவுல வருதா, இடது பக்க வளைவுலயா?

#4 அரவேனு பிக்கப்

அண்ணா, நீங்க கேட்டப்புறம் யோசிச்சா வலது பக்கம் ஒடிக்கற வளைவுலதான் அதிகம். இடது பக்கம் ஒடிச்சா அபூர்வமாத்தான் வரும்.

#5 மேட்டுப்பாளையம் பட்டறை

அப்படித்தான் இருக்கோணும். வலது பக்கம் ஒடிக்கும்போது பாரமெல்லாம் இடது வீல் மேல சாயும். இறக்கத்துல பிரேக் மிதிச்சா பின்பாரமும் முன்னாடி வந்துரும். பிரேக்கோட இழுப்பையும் பெரும்பாலும் கீழ் ஜாயின்ட்தான் தாங்குது. கோத்தகிரியில இருந்து எங்க ஊருக்கு சுமார் 33 கிலோமீட்டர்ல 1,400 மீட்டருக்கு மேல இறங்கறீங்க. அந்த ஜாயின்டுக்கு வழியெல்லாம் வேலைதான்.

இப்ப அந்தப் பட்டறைக்காரர் ஆட்டிப் பாத்ததுக்கு வருவோம். அவர் ஜாக்கி வெச்ச இடம் சரியில்லீங்க. உங்க வண்டியில ஸ்பிரிங் உக்காந்திருக்கறது கீழ் ஆர்ம் மேல. சேசிஸ்ல ஜாக்கி குடுத்தா வீல் தொங்கும், ஆனா ஸ்பிரிங் கீழ் ஆர்மை அமுக்கிக்கிட்டேதான் இருக்கும். அந்த அமுக்கத்துல ஜாயின்டுக்குள்ள இருக்கற பந்து கிண்ணத்துல ஒரு பக்கமா ஒட்டி இறுகி நிக்கும். எவ்வளவு தேஞ்சிருந்தாலும் கையில ஆட்டம் தெரியாது. நம்ம ஆளுங்க பாதிப் பேர் இங்கதான் ஏமாறுறாங்க.

ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில, பால் ஜாயின்டுக்கு எவ்வளவு பக்கத்துல வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்துல வைங்க. வீல் தரையில இருந்து ஒரு ரெண்டு விரக்கடை மேல வந்தாப் போதும். இப்ப வண்டியோட பாரம் ஜாக்கியில இருந்து ஆர்ம், ஆர்ம்ல இருந்து ஸ்பிரிங்னு போயிரும். நக்கிளும் (வீலைத் தாங்கற பாகம்) வீலும் சும்மா தொங்கும். ஜாயின்ட் மேல இருந்த சுமை இறங்கிருச்சு, இனி பொய் சொல்லாது.

டயருக்கு அடியில கடப்பாரையை விட்டு ஒருத்தர் மெதுவா மேல நெம்பட்டும். நீங்க டார்ச் அடிச்சு ஜாயின்டையே பாருங்க. நெம்பும்போது நக்கிள் மொதல்ல ஏறி, ஆர்ம் அப்படியே நின்னா ஜாயின்ட் தேஞ்சிருக்கு. ரெண்டும் சேந்து ஏறினா நல்லா இருக்கு. முரட்டுத்தனமா நெம்ப வேண்டாம், ஜாக்கியில இருந்து வண்டி நழுவும்.

அப்பறம் வீலை மேலயும் கீழயும் பிடிச்சு உள்ள வெளிய ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் பிடிச்சதும் ஆட்டம் காணாமப் போனா அது பேரிங். பிரேக் பிடிச்சும் ஆடுச்சுன்னா பால் ஜாயின்ட் இல்லாட்டி ஆர்ம் புஷ். இடமும் வலமும் பிடிச்சு ஆட்டினா வர்ற ஆட்டம் டை ராட் எண்டு பக்கம். இந்த ஒரு பிரேக் சோதனையைச் செஞ்சிருந்தா பேரிங் காசு மிச்சமாயிருக்கும்.

சமதளத்துல வைங்க. உங்க ஊர்ல அது கிடைக்கறதே கஷ்டம்னு தெரியும். இருந்தாலும் சரிவுல மட்டும் வேண்டாம். பின் வீல் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்க, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீங்க.

#6 பைக்காரா மூடுபனி

நல்ல விளக்கம். என் வண்டியில காயில் கிடையாது, டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங் வேலை செய்யற கம்பி). ஊட்டியில இருந்து கல்லட்டி வழியா மசினகுடிக்கு ஓடுது. 36 கொண்டை ஊசி, அதுல ஸ்டியரிங் முழுசா ஒடிச்சுத்தான் திருப்பணும். எனக்கு ஜாக்கி எங்க வைக்கறது?

#7 மேட்டுப்பாளையம் பட்டறை

பார் எந்த ஆர்மைப் பிடிச்சிருக்குன்னு குனிஞ்சு பாருங்க. கீழ் ஆர்மைப் பிடிச்சிருந்தா அரவேனு தம்பிக்குச் சொன்னதேதான், கீழ் ஆர்முக்கு அடியில. மேல் ஆர்மைப் பிடிச்சிருந்தா சுமை தாங்கறது மேல் ஜாயின்ட். அப்ப சேசிஸ்ல தூக்கி, மேல் ஆர்ம் கீழ இறங்காதபடிக்கு அதுக்கும் சேசிஸுக்கும் நடுவுல மரக்கட்டை சொருகணும். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா இருக்கற அமைப்பு) வெச்ச கார்னா சேசிஸ்ல தூக்கி வீலைத் தொங்க விட்டாப் போதும்.

#8 குன்னூர் சின்ன யானை

என்னோடது டாடா ஏஸ். கடப்பாரை எடுத்துட்டு வண்டிக்கடியில போய்ப் பாத்தா பால் ஜாயின்டையே காணோமே!

#9 மேட்டுப்பாளையம் பட்டறை

தேடாதீங்க, கிடைக்காது. ஏஸுக்கு முன்னாடி ரிஜிட் ஆக்சில் (ரெண்டு வீலுக்கும் ஒரே அச்சு), லீஃப் ஸ்பிரிங். அதுல கிங் பின்னும் (வீல் திரும்பற அச்சாணி) புஷ்ஷும்தான். வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டற சோதனையும் பிரேக் சோதனையும் உங்களுக்கும் செல்லும். கிங் பின்னுக்கு ஒழுங்கா கிரீஸ் அடிங்க, அதுதான் அதுக்குச் சாப்பாடு.

#10 அரவேனு பிக்கப்

அண்ணா, பாத்தாச்சு. ஃபேக்டரி முன்னாடி சிமெண்ட் தளத்துல வெச்சு, நீங்க சொன்னபடி கீழ் ஆர்ம்ல ஜாக்கி. தம்பி கடப்பாரையை நெம்பினான், நான் படுத்துக்கிட்டு டார்ச் அடிச்சேன்.

நெம்பின உடனே நக்கிள் "க்ளிக்"னு மேல ஏறுது, ஆர்ம் அசையல. விட்டா மறுபடி உக்காருது. ஜாயின்டை மூடியிருக்கற ரப்பர் பூட் கழுத்துக்கிட்ட ஒரு பக்கம் நீளமா கிழிஞ்சிருக்கு, மேல இருந்து பாத்தா தெரியாது. ஒவ்வொரு தடவை நெம்பும்போதும் அந்தக் கிழிசல் வாய் திறந்து மூடுது, உள்ள இருந்து செம்பழுப்பா தண்ணி கலந்த சேறு கசியுது. விரல்ல எடுத்து நசுக்கினா நறநறன்னு மண்ணு. கிரீஸ்னு சொல்ல அதுல ஒண்ணுமே இல்ல.

பிரேக் பிடிச்சும் மேல் கீழ் ஆட்டம் போகல. இட வல ஆட்டம் இல்ல. வலது பக்க வீலையும் அதே மாதிரி பாத்தேன், ஆட்டம் தெரியல, பூட்டும் முழுசா இருக்கு.

#11 கூடலூர் சில்வர் ஓக்

பூட் கிழிஞ்சா கதை முடிஞ்சது. உங்களுக்கு வடகிழக்குப் பருவமழையில ரோடெல்லாம் சேறு. எங்க தேவாலா, பந்தலூர் பக்கம் தென்மேற்கு ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது. மழைக்கு முன்னாடி ஒரு தடவை எல்லா பூட்டையும் விரல் விட்டுத் தடவிப் பாத்துருவேன். பூட் போய்க் கொஞ்ச நாள்ல ஜாயின்ட் போகும்.

#12 பர்லியார் திருப்பம்

ஒரு மி.மீ. ஆட்டம் வரைக்கும் ஓட்டலாம்னு எங்க டிரைவர் ஒருத்தர் சொல்வார். அவசரப்பட்டு மாத்தணுமா?

#13 மேட்டுப்பாளையம் பட்டறை

எல்லா வண்டிக்கும் ஒரே அளவு கிடையாதுங்க. சில ஜாயின்டுக்குக் கம்பெனியே கொஞ்சம் ஆட்டம் அனுமதிக்கும், சிலதுக்குத் துளிகூடக் கூடாது. சர்வீஸ் மேனுவல்ல போட்டிருக்கற அளவை டயல் கேஜ் வெச்சுப் பாக்கணும், குத்துமதிப்பு வேண்டாம். இந்த வண்டியில அந்தப் பேச்சுக்கே இடமில்ல. பூட் கிழிஞ்சு மண்ணு போயிருச்சு, கண்ணுக்கே ஆட்டம் தெரியுது. இனி தேய்மானம் வேகமா ஏறும்.

தம்பி, மாத்தற வரைக்கும் லோடு ஏத்தாதீங்க. கீழ் ஜாயின்ட் கழண்டா வீல் மடங்கி வண்டிக்கடியில போகும், முன்பக்கம் தரையில விழும், ஸ்டியரிங் கைக்கு அடங்காது. பிரேக் ஹோஸும் கையோட அறுந்து போகலாம். அது குஞ்சப்பனை இறக்கத்துல நடக்கறதுக்கும் வீட்டு வாசல்ல நடக்கறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு உங்களுக்கே தெரியும். காலி வண்டிதானேன்னு இங்க ஓட்டிட்டும் வர வேண்டாம்.

#14 அரவேனு பிக்கப்

சரிண்ணா. மண்டிக்கு ரெண்டு நாள் சொந்தக்காரர் வண்டியில ஏத்திக்கறேன். எங்க ஊர்லயே ஒரு மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கு வந்து செஞ்சு தர்றேன்னார். பொருள் வாங்கிட்டு வரச் சொன்னார். ஸ்பேர்ஸ் கடையில தனி ஜாயின்டும் இருக்கு, ஆர்மோட முழு செட்டும் இருக்கு. எதை வாங்க?

#15 மேட்டுப்பாளையம் பட்டறை

ஆர்ம் புஷ்ஷைப் பாருங்க. ரப்பர் வெடிச்சு நகர்ந்திருந்தா ஆர்மோட வாங்கினா கூலி மிச்சம். புஷ் நல்லா இருந்தா ஜாயின்ட் மட்டும் போதும். சில வண்டியில ஜாயின்ட் ஆர்ம்ல போல்ட் போட்டு நிக்கும், அது சுலபம். சிலதுல கம்பெனி ரிவெட் அடிச்சிருக்கும், தலையை டிரில் பண்ணி எடுத்துட்டு புது ஜாயின்டோட வர்ற போல்ட்டைப் போடணும். அழுத்தி ஏத்தின ரகம்னா சர்க்ளிப்பை எடுத்துட்டு பிரஸ் வெச்சுத் தள்ளணும். அதை சுத்தியல்ல அடிச்சு ஏத்தாதீங்க. ஆர்ம் துளையும் கெடும், புது ஜாயின்டும் கெடும்.

அட்டை ஒண்ணு, உள்ள சரக்கு வேறன்னு டூப்ளிகேட் நிறையச் சுத்துது. வாங்கும்போதே ஸ்டட்டைக் (ஜாயின்ட்ல இருந்து நீட்டிட்டிருக்கற மரை போட்ட தண்டு) கையால அசைச்சுப் பாருங்க. இறுக்கமா, ஒரே சீரா அசையணும். லொடலொடன்னு இருந்தா அங்கேயே திருப்பிக் குடுத்துருங்க.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்றேன், மெக்கானிக்குக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் பக்கத்துல நின்னு பாருங்க. சேசிஸுக்கு ஸ்டாண்டு, கீழ் ஆர்முக்கு ஜாக்கி, ரெண்டும் இருக்கணும். ஜாயின்ட் கழண்டப்பறம் ஸ்பிரிங்கை அடக்கிப் பிடிச்சிருக்கறது அந்த ஜாக்கிதான். அதை இறக்கினா ஆர்ம் கீழ அடிக்கும், ஸ்பிரிங் வெளிய பாயும். ஆள் உயிருக்கே ஆபத்து. அந்த ஜாக்கியில ஒருத்தரும் கை வைக்காம பாத்துக்கோங்க. ஆர்மை முழுசா இறக்கற வேலைன்னா ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாம தொடவே கூடாது.

பிரேக் கேலிப்பரைக் கழட்டினா கம்பி போட்டு சேசிஸ்ல தொங்க விடுங்க, ஹோஸ்ல தொங்கக் கூடாது. ஏபிஎஸ் ஒயர் இருந்தா கிளிப்பை எடுத்து விட்டுருங்க. ஸ்ப்ளிட் பின்னை (நட் சுத்தாம தடுக்கற பின்) எடுத்து, காசில் நட்டைத் (பின் நுழைய வெட்டு இருக்கற நட்) தளர்த்தி, கழட்டாம ரெண்டு மூணு மரை மிச்சம் விட்டு வைங்க. டேப்பர் (நக்கிள் துளையில இறுகியிருக்கற ஸ்டட்டோட கூம்புப் பகுதி) விடும்போது டமார்னு விடும், அந்த நட்தான் தடுக்கும்.

#16 பர்லியார் திருப்பம்

டேப்பரை விடுவிக்க ஃபோர்க் (கவட்டை மாதிரி இருக்கற ஆப்பு) போட்டு அடிக்கறதுதானே சுலபம்? ஒரே அடி.

#17 மேட்டுப்பாளையம் பட்டறை

பழைய ஜாயின்ட் குப்பைக்குப் போறதுன்னா அடிங்க, யாரு கேக்கறா. ஆனா மேல் ஜாயின்ட் நல்லா இருந்து அதையும் கழட்ட வேண்டி வந்தா ஃபோர்க் அதோட பூட்டைக் கிழிச்சுரும். நல்ல ஜாயின்டை நீங்களே கெடுத்த மாதிரி. புல்லர்தான் (திருகி அழுத்திப் பிரிக்கற கருவி) நல்லது. புல்லர் இல்லாட்டி நக்கிள் கண்ணோட (ஸ்டட் நுழையற துளை) பக்கவாட்டுல ஒரு பெரிய சுத்தியலை அண்டக் குடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியல்ல ரெண்டு போடு போட்டா விடும். அது இரும்பு நக்கிளுக்குச் சொல்றேன், அலுமினியம்னா புல்லர் மட்டும்தான். ஸ்டட் முனையில நேரா அடிச்சா மரை மழுங்கும். கேஸ் வெச்சுச் சூடு பண்றதும் வேண்டாம், ஆர்மோட பதம் போயிரும்.

#18 அரவேனு பிக்கப்

முடிஞ்சது. புஷ் நல்லா இருந்ததால ஜாயின்ட் மட்டும். எங்களுது போல்ட் ரகம், பிரஸ் வேலை இல்ல. நட்தான் துருப்பிடிச்சு அடம்பிடிச்சது, முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் விட்டு வெச்சிருந்தும் பாக்ஸ் ஸ்பேனர்ல குழாய் சொருகித்தான் அசைஞ்சது. புல்லரை இறுக்கி வெச்சுட்டு டீ குடிக்கப் போனோம், குடிச்சிட்டிருக்கும்போதே டமார்னு சத்தம். தானா விட்டிருச்சு. எங்க மெக்கானிக் அண்ணன் சிரிச்சுட்டே "அது அதோட நேரத்துக்குத்தான் வரும்"னார்.

பழசைக் கையில எடுத்தா ஸ்டட் தானாவே தலை சாஞ்சு விழுது. ஆட்டினா உள்ள பந்து கிண்ணத்துல தட்டற சத்தம் காதுக்கே கேக்குது. ஸ்டட் கழுத்துல ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்சு பள்ளம்.

ஒரு சந்தேகம் வந்துச்சு. டார்க் ரெஞ்ச்ல மேனுவல் அளவு வெச்சு இறுக்கினோம், அப்ப ஸ்ப்ளிட் பின் ஓட்டையும் நட் வெட்டும் நேருக்கு வரல. அவர் தளர்த்தாம இன்னும் கொஞ்சம் இறுக்கி நேர் பண்ணினார். சரிதானே?

#19 மேட்டுப்பாளையம் பட்டறை

நூத்துக்கு நூறு சரி. பின்னுக்காக எப்பவும் இறுக்கற திசையிலதான் போகணும், பின்வாங்கக் கூடாது. உங்க மெக்கானிக் வேலை தெரிஞ்சவர், விடாதீங்க.

நக்கிள் கண்ணோட டேப்பரைத் துடைச்சு கிரீஸ் எண்ணெய் இல்லாம காய்ஞ்சதா வெச்சுப் போட்டாங்களா? துளை முட்டை வடிவா தேய்ஞ்சிருக்கலையே? அது தேய்ஞ்சிருந்தா புது ஜாயின்ட் போட்டும் ஆடும், நக்கிளையே மாத்தணும். கிரீஸ் அடிக்கற நிப்பிள் இருக்கற ரகம்னா லித்தியம் கிரீஸ், பூட் லேசா உப்பற வரைக்கும் மட்டும். வெடிக்க வெடிக்க அடிச்சா புது பூட்டை நீங்களே கிழிச்ச கணக்கு.

#20 அரவேனு பிக்கப்

துடைச்சுக் காயவெச்சுத்தான் போட்டார், துளை வட்டமாத்தான் இருக்கு. நிப்பிள் இருக்கு, அளவா அடிச்சாச்சு. அலைன்மென்ட் இனிமேதான். இங்க மெஷின் இல்ல, காலி வண்டியில மெதுவா கீழ இறங்கிப் பண்ணிக்கறேன்.

#21 கோவை கேம்பர்

அலைன்மென்ட் மெஷின்ல வேலை செய்யறவன் சொல்றேன். டோ (வீலோட முன் பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற அளவு) மட்டும் பாத்துட்டு அனுப்பற கடை நிறைய. நீங்க கேம்பர் (வீல் உள்ள வெளிய சாயற அளவு), கேஸ்டர் (வீல் திரும்பற அச்சு முன்ன பின்ன சாயற அளவு), டோ மூணும் கேளுங்க, சரி பண்றதுக்கு முன்னாடி எடுத்த அளவும் பின்னாடி எடுத்த அளவும் இருக்கற பிரிண்டை வாங்கிக்கோங்க. போறதுக்கு முன்னாடி நாலு டயர்லயும் காத்து சரி பாருங்க, பாடியில சாக்குமூட்டை, ஜாக்கி, தார்ப்பாய்னு கிடக்கறதை இறக்கிருங்க. உள் ஓரம் தேஞ்சதுக்கு ஜாயின்ட் மட்டும் காரணமா, டோ வெளிப்பக்கம் விரிஞ்சிருந்ததும் காரணமான்னு அந்த முதல் அளவுலயே தெரிஞ்சிரும். தேஞ்ச டயரைப் பின்னாடி போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, உள் ஓரத்துல கம்பி தெரிஞ்சா எங்கயுமே ஓடக் கூடாது.

#22 அரவேனு பிக்கப்

பண்ணியாச்சு. முதல் அளவுல டோ வெளிப்பக்கம் விரிஞ்சிருந்தது, இடது கேம்பரும் வலதும் ஒத்துப் போகல. ரெண்டையும் சரி பண்ணிட்டாங்க, டயர் ஒண்ணு புதுசு. இன்னிக்கு முட்டைகோஸ் லோடோட இறங்கினேன். வலது வளைவுல பிரேக் மிதிச்சு ஒடிச்சேன், கடக் இல்ல. ஸ்டியரிங் தானா நேராகுது, முன்னாடி அதையும் நான்தான் இழுத்து நேராக்கணும்.

ஆனா குழியில அந்த டக் டக் அப்படியே இருக்கு.

#23 கூடலூர் சில்வர் ஓக்

ஹா ஹா, ரெண்டாவது பதிவுலயே சொன்னேன்ல! லிங்கைக் கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க, வண்டி ரெண்டு வீல்லயும் சமமா நிக்கும்போது.

#24 அரவேனு பிக்கப்

ஆடுது அண்ணா. இடது லிங்க் மேல் முனை லொடலொட.

#25 மேட்டுப்பாளையம் பட்டறை

அப்ப சத்தம் ரெண்டு, காரணமும் ரெண்டு. லிங்கை ரெண்டு பக்கமும் சேத்தே போட்டுருங்க, பெரிய காசில்ல. ஒரு வீலை மட்டும் தூக்கி வெச்சு மாட்டாதீங்க, பார் முறுக்கி நிக்கும், போல்ட் துளைக்கு நேரா வராது. ரெண்டு வீலும் தரையிலயோ, ரெண்டும் ஒரே உயரத்துல ஸ்டாண்டுலயோ இருக்கட்டும். கொஞ்சம் ஓடினப்பறம் பால் ஜாயின்ட் போல்ட்டையும் ஒருக்கா ஸ்பேனர் வெச்சுப் பாத்துருங்க.

#26 குன்னூர் சின்ன யானை

நானும் நேத்து கிங் பின்னுக்கு கிரீஸ் அடிச்சேன். நிப்பிள் ஒண்ணு அடைச்சிருக்கு, கிரீஸ் உள்ளயே போகல. மாத்தணுமா, சுத்தம் பண்ணலாமா?

#27 மேட்டுப்பாளையம் பட்டறை

மாத்துங்க. அந்த நிப்பிள் விலைக்கு யோசிக்கற நேரம் தண்டம். கழட்டின கையோட துளைக்குள்ள கம்பி விட்டுப் பழைய கிரீஸ் கட்டியை எடுத்துட்டுப் புதுசை மாட்டுங்க. பாரம் இறங்கற மாதிரி ஆக்சிலைத் தூக்கி வெச்சு, வீலை இப்படியும் அப்படியும் ஒடிச்சுக்கிட்டே அடிங்க. பழைய கறுப்பு கிரீஸ் வெளிய வந்து, பின்னாடியே புதுசு எட்டிப் பாக்கற வரைக்கும்.